மன்றோ துரையும் நியாயத் திருத்தமும்

நியாயம் வழங்குதல் அரசாள்வோரின் முதற்கடமை என்பதை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கன்றை இழந்த பசுவின்பொருட்டுத் தன் மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனது கதையைத் திருவாரூர்க் கற்றேர் இன்றும் நினைவூட்டி நிற்கின்றது. ஆயினும், அரசன் ஒருவன் நல்லனாயிருந்து வாயிலில் ஆராய்ச்சி மணி கட்டி வைப்பது வேறு. ஒரு கோடிக்கு மேற்பட்ட குடிகள் வாழும் இராஜதானியில், கடைக்கோடிக் கிராமத்துக் குடியானவனும் பத்து ரூபாய்க் கடனுக்காகப் பல காதம் நடவாமல் நியாயம் பெறுமாறு ஏற்பாடு செய்வது வேறு. முன்னது ஒருவர் மனத்தின் செம்மையால் நிகழ்வது. பின்னதற்கோ கோர்ட்டு, போலீசு, வக்கீல், ஸ்டாம்பு, கிராம அதிகாரம் ஆகிய அனைத்தையும் ஒருங்கே எடுத்துத் திருத்த வேண்டும். அவ்வரிய காரியத்தில் இறங்கி, சிலவற்றில் வென்று, சிலவற்றில் தோற்று, ஒன்றிரண்டில் பெரும்பிழையும் புரிந்த ஒருவரது சரித்திரத்தையே இம்மாதம் எழுதப் புகுந்தோம். அவர்தாம் சர் தாமஸ் மன்றோ என்னும் சென்னைக் கவர்னர்.

சென்னைக் கோட்டையிலிருந்து, இந்நாளில் அண்ணா சாலை எனப்படும் மவுண்டு ரோட்டுக்குச் செல்வோர், தீவுத்திடலருகே சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரைமேல் அமர்ந்த உருவம் ஒன்றைக் கண்டிருப்பர். பொதுமக்கள் பணந்திரட்டிச் சாந்திரி என்னும் சிற்பியைக் கொண்டு செய்வித்து 1839-இல் நிறுவிய சிலை அது. சேணத்தைச் சிற்பி மறந்துவிட்டார் என்று நகைப்பவர் உளர்; அதனை யாம் ஆராயப் புகவில்லை. இரயத்துவாரி என்னும் நிலவரி முறைக்கு உரியவர் என்ற அளவிலேயே பள்ளிப் புத்தகங்கள் அவரைக் கூறி முடித்துவிடுகின்றன. நம் குலத்தாரிற் பலர் தலைமுறை தலைமுறையாக வகித்து வந்த கிராம முன்சீப்பு உத்தியோகத்திற்குச் சட்ட உருவம் தந்தவரும் அவரே என்பதை அறிந்தவர் சிலரே.

மன்றோ 1761-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள் ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரிற் பிறந்தார். தந்தையார் அமெரிக்காவின் வர்ஜீனியா நாட்டோடு புகையிலை வாணிகம் செய்தவர். அமெரிக்கர் ஆங்கிலேயரோடு பொருது பிரிந்தமையால் அவ்வாணிகம் கெட்டுக் குடும்பம் நொடித்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திற் கற்ற மைந்தர் பிழைப்பை நாடிக் கும்பினிப் படையிற் சேர்ந்து, 1780-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னையில் வந்திறங்கினார். இளமையில் வந்த நோயால் அவருக்குச் செவிப்புலன் சற்றுக் குறைவு. குடிகளின் முறையீட்டைக் கேட்பதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட ஒருவருக்குக் காது மந்தமாயிருந்தது விந்தைதான்.

அவர் வந்த ஆண்டிலேயே ஐதர் அலி கருநாடகத்தின்மேற் படையெடுத்தார். பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தபோது மன்றோ காஞ்சிபுரத்தருகே இருந்த மற்றொரு படையில் இருந்தார். போர்களைப் பற்றி விரிப்பது நம் கருத்தன்று. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் சீமை கும்பினிக்குக் கிடைத்தது. இக்காலத்துத் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகள் அவை. அச்சீமையைக் கர்னல் ரீடு என்பவரின் கீழிருந்து நிருவகிக்க அனுப்பப்பட்டவர்களுள் மன்றோவும் ஒருவர். அங்கு ஏழாண்டு இருந்தார். தருமபுரியில் தாம் வைத்த தோட்டத்தைப் பிற்காலத்திலும் அன்போடு நினைந்தார் என்பர். பின் சிறிது காலம் கன்னட நாட்டுக் கடற்கரையில் வேலை பார்த்து, 1800-இல் நிஜாம் விட்டுக்கொடுத்த மாகாணங்களுக்குப் பிரதான கலெக்டரானார். பல்லாரி, கடப்பை, அனந்தபுரம் முதலிய அப்பெருநிலத்தில் அப்பொழுது பாளையக்காரர் ஏறத்தாழ எண்பதின்மர் தத்தம் கோட்டைகளிலிருந்து குடிகளை வருத்திக்கொண்டிருந்தனர். மன்றோ அவர்களை அடக்கினார். ஏழாண்டும் பெரும்பாலும் கூடாரத்திலேயே வாழ்ந்து, ஊரூராகச் சென்று, மரத்தடியிற் குடிகளோடு அமர்ந்து கணக்குப் பார்த்தார். அப்பகுதியில் மக்கள் தம் குழந்தைகட்கு மன்றோலப்பா எனப் பெயரிட்டதை இன்றும் சொல்வர். மந்திராலயத்தில் ஸ்ரீ இராகவேந்திர சுவாமிகள் அவருக்குக் காட்சி தந்தருளினார் என்னும் வரலாறும் அந்நாட்டில் வழங்கி வருகின்றது.

மரத்தடியில் இருந்த அவ்வாண்டுகளே அவரைப் பிற்காலத்து நியாயத் திருத்தத்துக்கு ஆயத்தம் செய்தன. அதனை அறிய, அக்காலத்துச் சென்னை இராஜதானியில் நியாயம் எவ்வாறு நடந்தது என்பதைச் சிறிது பார்த்தல் வேண்டும்.

வங்காளத்தில் காரன்வாலிஸ் பிரபு 1793-இல் ஏற்படுத்திய முறையை 1802-இல் அப்படியே பெயர்த்துக் கொணர்ந்து சென்னையிலும் நட்டனர். ஜில்லாவுக்கு ஓர் ஆங்கிலேய ஜட்ஜ். அவருக்கு மேல் மசூலிப்பட்டணம், சித்தூர், திருச்சிராப்பள்ளி, தலைச்சேரி ஆகிய நான்கிடங்களில் மாகாணக் கோர்ட்டுகள். எல்லாவற்றுக்கும் மேலே சென்னையில் சதர் அதாலத்து. வரி தண்டும் கலெக்டர் வேறு, நியாயம் கூறும் ஜட்ஜ் வேறு என்று பிரித்தார்கள். ஜட்ஜே மாஜிஸ்டிரேட்டும் ஆவார். போலீசுக்குத் தாரோகாக்கள் என்னும் புதிய உத்தியோகஸ்தர் அவரின் கீழ் நியமிக்கப்பட்டனர். ஊர்க்காவல் செய்துவந்த காவற்காரர்களும், சிறு வழக்குகளைத் தீர்த்துவந்த ஊர்ப் பெரியோரும் சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படாதவராயினர்.

ஏட்டில் இம்முறை அழகியது. வரி கேட்பவனே நியாயமும் சொல்லுதல் தகாது என்பது மறுக்கவொண்ணாத கொள்கை. ஆனால் நாட்டில் நடந்தது வேறு. ஜில்லாவோ பெரிது, கோர்ட்டோ ஒன்று. ஜட்ஜுக்கு ஊர் மொழி தெரியாது. ஊர் வழக்கமும் தெரியாது. வழக்காளி தன் ஊரை விட்டுச் சாட்சிகளையும் அழைத்துக்கொண்டு நடந்து வந்து, கட்டணம் செலுத்தி, வக்கீல் வைத்து, சத்திரத்திற் கிடந்து, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் விதைப்புக்காலம் போய்விடும். தீராத வழக்குகள் ஆண்டுதோறும் குவிந்தன. கடன் கொடுத்தவனும் வாங்கியவனும் கோர்ட்டு வாயிலில் ஒருங்கே அழிந்தனர். கொள்ளையைத் தடுக்க வந்த தாரோகாவுக்கோ ஊரிற் கள்ளன் யார், காவலன் யார் என்பதே தெரியவில்லை.

1807-இல் மன்றோ சீமைக்குத் திரும்பினார். 1812-இல் பார்லிமெண்டுக் கமிட்டியார் இந்திய நிருவாகத்தைக் குறித்து ஐந்தாம் அறிக்கை எனப் பெயர்பெற்ற பெரிய நூலொன்றை வெளியிட்டனர். சென்னைக் கோர்ட்டுகளின் நிலை அதிற் புலப்பட்டது. கும்பினியின் சாசனம் புதுப்பிக்கப்பட்ட 1813-இல் மன்றோ பார்லிமெண்டு முன் சாட்சியம் கூறினார். அவர் கூற்றின் தெளிவு பலரையும் கவர்ந்தது. மறு ஆண்டு டைரக்டர்கள் சென்னை இராஜதானியின் நியாய ஏற்பாடுகள் முழுவதையும் திருத்தியமைக்கக் கமிஷன் ஒன்றை ஏற்படுத்தி, அவரையே தலைவராக்கினர். ஸ்ட்ராட்டன் என்பவர் துணைவர். அவ்வாண்டிலேயே ஜேன் காம்பெல் என்னும் மங்கையை மணந்து, மனைவியோடு 1814 செப்டம்பரில் சென்னை சேர்ந்தார்.

இனித்தான் வரலாற்றின் சுவையான பகுதி வருகின்றது. ஆணை மேலிடத்தினது; அதிகாரம் கையில் உள்ளது; திட்டமும் தெளிவு. அப்படியிருந்தும் இரண்டாண்டு ஒன்றும் நடக்கவில்லை. காரணம் யாது? சென்னைக் கவர்னராயிருந்த எலியட்டுக்கும், அவரது சபையாரிற் பலருக்கும், சதர் அதாலத்து நீதிபதிகட்கும் இத்திருத்தம் பிடிக்கவில்லை. அவர்கள் வெளிப்படையாக எதிர்த்தனரல்லர். விளக்கம் வேண்டும் என்றனர். புள்ளிவிவரம் வரட்டும் என்றனர். சீமையார் எழுதியது ஆணையா, யோசனையா என்று ஐயம் எழுப்பினர். கடிதத்துக்குக் கடிதம் பிறந்தது. பள்ளியிலோ சங்கத்திலோ ஒரு சிறு மாறுதல் செய்ய முயன்ற எவரும் இவ்வித்தையை நன்கறிவர். ஆலோசனைச் சபையில் புல்லர்டன் என்பவர் மாத்திரம் மன்றோவின் பக்கம் நின்றார். இலண்டனிலிருந்து மீண்டும் கண்டிப்பான கட்டளை வந்த பிறகே 1816-இல் சட்டங்கள் வெளிவந்தன.

அச்சட்டங்கள் தனித்தனியாயினும் ஒரு மாளிகையின் தூண்கள்போல ஒன்றையொன்று தாங்குவன. நான்காம் சட்டம் கிராமத் தலைவரைக் கிராம முன்சீப்பாக்கிற்று. பத்து ரூபாய்க்கு மேற்படாத பணவழக்கையும், அசையும் பொருள் வழக்கையும் அவர் விசாரித்து முடிவு கூறலாம். இரு திறத்தாரும் உடன்பட்டால் நூறு ரூபாய் வரை மத்தியஸ்தராயிருந்து தீர்க்கலாம். ஐந்தாம் சட்டம் கிராமப் பஞ்சாயத்துக்கு உரியது; வழக்காளிகள் இசைந்தால் எத்தொகையாயினும் அங்குத் தீர்த்துக்கொள்ளலாம். ஆறாம் சட்டத்தால் ஜில்லாவின் பல இடங்களிலும் இந்தியர்களே ஜில்லா முன்சீப்புகளாயினர். அவர்களுக்கு இருநூறு ரூபாய் வரை அதிகாரம். ஜில்லா முன்சீப்பு கூட்டும் பஞ்சாயத்துக்கு ஏழாம் சட்டம். மாஜிஸ்டிரேட்டு வேலை ஜட்ஜிடமிருந்து கலெக்டருக்கு மாற்றப்பட்டது. தாரோகாக்கள் ஒழிந்தனர், தாசில்தார், கிராமத் தலைவர், கர்ணம், தலையாரி என்னும் பழைய வரிசையே போலீசுமாயிற்று. எல்லைத் தகராறுகளுக்கும் வக்கீல்களுக்கும்கூடத் தனித்தனி விதிகள் ஏற்பட்டன.

இதிற் பெரிய கருத்து ஒன்று உண்டு. இந்தியர் நீதி வழங்கத் தகுதியற்றவர் என்பது அந்நாளைய ஆங்கிலேயரிற் பெரும்பாலோர் கொள்கை. மன்றோ அதனை ஒப்பவில்லை. ஒரு சாதியாரை, ஒரு நாட்டாரை, உயர்ந்த பொறுப்புகளினின்றும் ஒதுக்கி வைத்துவிட்டு, அவர்களிடம் உயர்ந்த குணம் இல்லையே என்று குறை கூறுதல் முறையன்று என அவர் பல இடத்தும் எழுதினார். 1824 டிசம்பர் 31-ஆம் நாளிட்டு, கவர்னராக அவர் எழுதிய நீண்ட குறிப்பு இக்கருத்தை மிக விரிவாகக் கூறுவது.

நிற்க, அச்சட்டங்களின் பயன் என்னாயிற்று என்பதைப் பார்ப்போம். மன்றோ பெரிதும் நம்பியது பஞ்சாயத்தை. பஞ்சாயத்தோ ஓடவில்லை. இது நம்மவர்க்குக் கசப்பாயிருக்கலாம். உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் குடவோலை முறையைப் படித்து, நம் ஊராட்சி ஆயிரம் ஆண்டுக்கு முன்பே எவ்வளவு சிறந்திருந்தது என்று மேடையிற் பேசி மகிழ்கின்றோம், யாமும் பேசியதுண்டு. ஆனால் 1816-க்குப் பிறகு குடிகள் பஞ்சாயத்தை நாடாமல் ஜில்லா முன்சீப்பு கோர்ட்டையே நாடினர். பஞ்சாயத்தாருக்கு ஊதியம் இல்லை, வேலையோ நெடிது. ஒருதலையாகத் தீர்ப்புச் செய்தனர் என்று குற்றஞ்சாட்டித் தோற்றவன் அவர்களையே மேல் கோர்ட்டுக்கு இழுக்கலாம். தன் வயலை விட்டு வந்து, பிறன் வழக்கைத் தீர்த்து, பின் தானே பிரதிவாதியாக எவன் விரும்புவான்? கிராம முன்சீப்புகளிலும் பலர் இதே அச்சத்தால் வாளாவிருந்தனர். ஊர்ப்பெரியவர் தீர்ப்பு, அவரிடத்து ஊரார் வைத்த மதிப்பினால் நடப்பது. அதனைச் சட்டத்தில் அடைத்துப் படிவமும் மேன்முறையீடும் சேர்த்தபோது அதன் உயிர் போயிற்று என்பது எம் எண்ணம். ஊருக்குள்ளேயே பகை இருப்பின், பகைவர் அமர்ந்திருக்கும் பஞ்சாயத்தைவிட அயலூர் முன்சீப்பே மேல் என்று எளியவன் கருதியதும் உண்மை.

வென்றவர் ஜில்லா முன்சீப்பு. ஊர் மொழி தெரிந்தவர், கூப்பிடு தூரத்தில் இல்லாவிடினும் ஓரிரு நாள் நடையில் இருப்பவர், சம்பளம் பெறுபவர். வழக்குகளிற் பெரும்பங்கு அவரிடமே சென்று தீர்ந்தது. இவ்வழியில் வந்தவரே மாயூரம் வேதநாயகம் பிள்ளை. தரங்கம்பாடி, சீகாழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாயிருந்து, 1805 முதல் 1861 வரையுள்ள சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழிற் சுருக்கிச் சித்தாந்த சங்கிரகம் என 1862-இல் வெளியிட்டார். தமிழில் முதல் நாவல் எழுதியவர் என்றே அவரைப் புகழ்கின்றோம். கோர்ட்டின் தீர்ப்பைக் குடியானவன் தன் மொழியிற் காணச் செய்ததும் அதற்குக் குறைந்த தொண்டன்று.

இனி, எழுதுவதற்கு எம் கை தயங்கும் ஒரு செய்தி. ஆயினும் மறைப்பது நேர்மையன்று. 1816-ஆம் ஆண்டுப் பதினோராம் சட்டம் கிராமத் தலைவருக்குச் சிறு குற்றங்களைத் தண்டிக்கும் அதிகாரம் தந்தது. வசை, அடிதடி போன்றவற்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் காவலில் வைக்கலாம். குற்றவாளி தாழ்ந்த சாதியார் எனப்பட்டவராயின், ஆறு மணி நேரம் தொழுமரத்தில் கால்களை மாட்டி வைக்கலாம். ஒரே குற்றம், சாதிக்கொரு தண்டனை. நாட்டு வழக்கத்தை மதிக்கின்றோம் என்ற பெயரில் வழக்கத்தின் கொடுமையையும் சட்டமாக்கினார் மன்றோ. அத்தொழுமரத்தின் சாவி எவர் இடுப்பில் தொங்கிற்று? கிராம முன்சீப்பின் இடுப்பில். நம் சங்கத்துக் குடும்பங்களில் மூதாதையர் முன்சீப்பாயிருந்த பெருமையைக் கலியாணப் பத்திரிகையில் அச்சிடுகின்றோம். அப்பெருமையோடு இதுவும் சேர்ந்தே வருகின்றது. தொழுமரத்தில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் எம் வகுப்பில் அமர்ந்து எம்மிடமே தமிழ் கற்கின்றனர். அவர்களுக்கு மன்றோவின் சரித்திரத்தை அரைகுறையாகச் சொல்ல எமக்கு மனம் வரவில்லை.

மற்றொரு பிழையும் உண்டு. வரியும் போலீசும் மாஜிஸ்டிரேட்டு வேலையும் கலெக்டர் ஒருவரிடமே சேர்ந்தமையால், தாசில்தாரும் அவர் சேவகரும் வரி தண்டும்போதே அடிக்கவும் கட்டவும் வல்லவராயினர். அடிபட்டவன் முறையிட வேண்டிய இடமும் அதே கச்சேரி. மன்றோ கலெக்டராயிருந்தால் இதனால் தீங்கில்லை. எல்லாக் கலெக்டரும் மன்றோ அல்லரே! ஒரு நல்லவர் தம்மையே அளவுகோலாகக் கொண்டு ஏற்பாடு செய்தால் விளையும் கேடு இது. இதன் விளைவு 1855-இல் வெளிப்பட்டது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட சித்திரவதைக் கமிஷன் (இவ்வெலியட் முற்கூறிய கவர்னர் அல்லர்) இராஜதானி எங்கும் விசாரித்து, வரி வாங்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் கீழதிகாரிகள் குடிகளை வதைப்பது பரவியிருந்தது என்று அறிவித்தது. வெயிலில் நிறுத்துதல், குனிய வைத்து முதுகிற் கல்லேற்றுதல் முதலியன அதில் வரும். அதன்பின் 1859-இல் போலீசு தனி இலாகாவாயிற்று. 1862-இல் சென்னை ஹைகோர்ட்டு ஏற்பட்டது. மாஜிஸ்டிரேட்டு அதிகாரத்தை நிருவாகத்தினின்றும் பிரிக்கவேண்டும் என்னும் கோரிக்கை காங்கிரசு மகாசபையின் தொடக்க காலம் முதல் ஒலித்து, 1974-இல் நடைமுறைக்கு வந்த குற்ற விசாரணைச் சட்டத்தால் நாடெங்கும் நிறைவேறிற்று. காரன்வாலிஸ் எழுதிய கொள்கையும் மன்றோ கண்ட நடைமுறையும் ஒன்றையொன்று சந்திக்க அத்தனை ஆண்டு பிடித்தன.

மன்றோவின் பிற்கால வாழ்வைச் சுருங்கக் கூறுவோம். 1817-இல் மராட்டியப் போர் மூண்டபோது மீண்டும் வாளெடுத்து, சிறிய படையோடும் ஊர்ச் சேவகர்களோடும் தென்மராட்டிய நாட்டைக் கைப்பற்றினார். 1819-இல் சீமை சென்று, 1820 ஜூனில் சென்னைக் கவர்னராக வந்தார். 1822-இல் இராஜதானியின் பள்ளிக்கூடங்களை எல்லாம் கணக்கெடுக்கச் செய்தார். 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தமை தெரியவந்தது. ஆசிரியத் தொழிலில் இருக்கும் எமக்கு இக்கணக்கு ஒன்றுக்காகவே அவரிடம் நன்றி உண்டு. திண்ணைப் பள்ளி ஆசிரியரை ஓர் அரசு எண்ணிப் பார்த்ததே அரிது. முறையான கல்வி இலாகாவுக்கும் 1826-இல் அடிகோலினார்.

பதவியைவிட்டு நீங்க அவர் விரும்பிய காலத்தில் பர்மியப் போர் குறுக்கிட்டது. 1826-இல் நோயுற்ற குழந்தையோடு மனைவியார் முன்னே கப்பலேறிவிட்டார். புதிய கவர்னர் வந்து சேரவில்லை. அவ்விடைவேளையில், தாம் ஏழாண்டு கூடாரமடித்து வாழ்ந்த அனந்தபுரம், கடப்பைப் பகுதிகளை ஒருமுறை கண்டு விடைபெற்று வரலாம் என்று 1827-இல் புறப்பட்டார். வழியில் பரிவாரத்தில் வாந்திபேதி பரவிற்று. ஜூலை 6-ஆம் நாள் காலையில் பத்திகொண்டா என்னும் ஊரில் அவரையும் அந்நோய் பற்றியது. அன்றிரவே உயிர் நீத்தார். உடல் கூத்தியில் அடக்கம் செய்யப்பட்டு, 1831-இல் சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் செயிண்ட் மேரி கோயிலுக்குக் கொணரப்பட்டது. பத்திகொண்டாவில் அவர் நினைவாகச் சோலையும் படிக்கிணறும் அமைத்தனர். கூத்தியில் சத்திரம் ஒன்று எழுந்தது.

அவர் ஏற்படுத்திய கிராம முன்சீப்பு உத்தியோகம் நூற்றறுபது ஆண்டுக்கு மேல் நிலைத்து, 1980 நவம்பரில் தமிழ்நாட்டு அரசின் அவசரச் சட்டத்தால் கர்ணத்தோடு ஒருங்கே ஒழிந்தது. முன்சீப்பு வீடுகளிற் பழைய வழக்குப் பதிவேடுகளும் தண்டனைக் குறிப்புகளும் பரணில் இன்னும் கிடக்கக்கூடும். அவற்றைக் கரையானுக்கு இரையாக்காமல் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புமாறு அங்கத்தினர்களை வேண்டுகின்றோம். பெருமை தருவன மாத்திரம் அல்ல, எல்லாவற்றையும் அனுப்புக. வேதநாயகம் பிள்ளையவர்களின் சரித்திரத்தை இடமுள்ள வேறோர் இதழில் எழுதுவோம்.